மன்னனும் தோழனும்: இரண்டாம் எட்வர்டு – கேவஸ்டன் உறவு பற்றி ஒரு மறுநோக்கு

ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரியில் பாடமாகப் பயின்ற நம்மவர் பலர்க்குப் பியர்ஸ் கேவஸ்டன் என்னும் பெயர் கிறித்தோபர் மார்லோவின் ‘இரண்டாம் எட்வர்டு’ நாடகத்தின் வாயிலாகவே அறிமுகமாகியிருக்கும். பழைய மன்னன் மறைந்த செய்தியையும் புதிய மன்னனின் அன்பு அழைப்பையும் தாங்கிய மடலொன்றைக் கையில் ஏந்தியவாறு அவன் மேடையில் தோன்றுகிறான். மன்னனின் உள்ளத்தை இசையாலும் கூத்தாலும் தன் விருப்பப்படி வளைக்கப் போவதாகத் தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். நாடகம் தொடங்கிய சில கணங்களுக்குள் அவனைப் பற்றிய தீர்ப்பும் நம் உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. நாவன்மை மிக்கவன், பேராசைக்காரன், பலவீனமான மன்னன் ஒருவனை மயக்கி நாட்டைக் கெடுத்தவன் என்பதே அத்தீர்ப்பு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அத்தீர்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது? நாடகத்தையும் அதன் பின்னுள்ள வரலாற்று ஆவணங்களையும் அருகருகே வைத்து நோக்கும்பொழுது நமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. மார்லோ மன்னனை நன்கு அறிந்திருந்தார். தோழனை அறியவில்லை, அல்லது அறிய விரும்பவில்லை. இவ்விருவரையும் பிரித்து நோக்கினாலன்றி, நானூறு ஆண்டுகளாக மேடையிலும், எழுநூறு ஆண்டுகளாக வரலாற்று நூல்களிலும் ஒருவன் மேல் சுமத்தப்பட்டுவரும் பழியில் எத்தனை பங்கு அவனுக்குரியது, எத்தனை பங்கு பிறர்க்குரியது என்று கணக்கிட இயலாது.

முதலில் நாடகத்தை நோக்குவோம். ஏறத்தாழ 1592ஆம் ஆண்டில் எழுதப்பெற்று 1594இல் அச்சேறிய படைப்பு இது. அச்சில் வருமுன்பே, 1593ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மார்லோ டெட்ஃபர்டில் கத்திக்குத்துக்கு இரையாகிவிட்டார். ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்றுத் தொகுதியே அவருக்கு முதன்மையான மூலம். இருபது ஆண்டுக்கால ஆட்சியைச் சில நாழிகைகளுக்குள் அடக்க வேண்டிய நாடகாசிரியர் காலத்தைச் சுருக்குவதும் நிகழ்ச்சிகளை இணைப்பதும் இயல்பே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர் செய்த மாற்றங்களுள் மூன்று, வெறும் சுருக்கம் என்னும் எல்லையைக் கடந்து, பொருளையே மாற்றிவிடுகின்றன.

அவற்றுள் முதலாவது பிறப்பைப் பற்றியது. நாடகத்தில் பிரபுக்கள் வாய் திறக்கும்போதெல்லாம் கேவஸ்டனை இழிபிறப்பாளன் என்றே ஏசுகின்றனர். பண்டை நாளில் மாவீரர்களும் பேரறிஞர்களுமே இத்தகைய அன்பர்களைப் போற்றியிருந்தனர் என்று மூத்த மார்ட்டிமர் சமாதானம் கூற, இளைய மார்ட்டிமர் தன்னை உறுத்துவது மன்னனின் அந்த இயல்பன்று, தாழ்குலத்தான் ஒருவன் நாட்டின் செல்வத்தில் கொழிப்பதே என்று விடையிறுக்கும் இடம் நாடகத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. வியத்தகு இடம்தான் அது. ஆனால் வரலாற்றுக் கேவஸ்டன் தாழ்குலத்தான் அல்லன். தென்மேற்குப் பிரான்சில் பேயார்ன் பகுதியைச் சேர்ந்த ஆர்னோ என்னும் குதிரைவீரப் பெருமகனின் மைந்தன் அவன். காஸ்கனி என்னும் அப்பெருநிலம் அந்நாளில் ஆங்கில மன்னனின் ஆளுகையில் இருந்தது. அத்தந்தை முதலாம் எட்வர்டின் படையில் ஊழியம் புரிந்தவன்; அம்மன்னனுக்காகப் பிணையாளாகப் பகைவர் கையில் இருந்தவன். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1924இல் மார்லோவைத் தழுவித் தம் நாடகத்தை எழுதியபோது கேவஸ்டனைக் கசாப்புக்காரனின் மகனாகவே ஆக்கிவிட்டார். வகுப்புப் போராட்டத்தை மேடையேற்ற விழைந்தவருக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆயினும் மேடைதோறும் கேவஸ்டனின் குலம் ஒருபடி கீழிறங்கிக்கொண்டே வந்திருப்பதைக் காணும்பொழுது நமக்குச் சிறிது நகைப்பும் வருகிறது.

இரண்டாவது மாற்றம் மார்ட்டிமரைப் பற்றியது. நாடகத்தில் கேவஸ்டனின் முதற்பகைவன் இளைய மார்ட்டிமரே. வரலாற்றிலோ, 1304ஆம் ஆண்டில் சிறுவனாயிருந்த ரோஜர் மார்ட்டிமரின் காப்பாளராக அமர்த்தப்பட்டவனே கேவஸ்டன்தான்! அம்மார்ட்டிமர் 1308இல் அயர்லாந்திலும் கேவஸ்டனுடன் இருந்தான். 1320க்குப் பின்னரே மன்னனுக்கு எதிராகத் திரும்பினான். அப்பொழுது கேவஸ்டன் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவது மாற்றம், கேவஸ்டனுக்குப் பின் மன்னனின் அன்பைப் பெற்ற இளைய டிஸ்பென்சரை (நாடகத்தில் ஸ்பென்சர்) அவனுடைய நிழலாகவே படைத்துக்காட்டியது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம். மூன்றினுள்ளும் பெருந்தீங்கு விளைத்தது இதுவேயாகும்.

இனி ஆவணங்களின்பால் வருவோம். 1284இல் கார்னார்வனில் பிறந்த இளவரசன் எட்வர்டின் பரிவாரத்தில் 1300ஆம் ஆண்டளவில் கேவஸ்டன் இடம்பெறுகிறான். அவனை அங்கே அமர்த்தியவன் முதலாம் எட்வர்டே என்பது மறத்தலாகாது. ஃபிளாண்டர்ஸ் போரில் தன்கீழ் ஊழியம் செய்த அவ்விளைஞனின் நடையும் பண்பும் கண்டு, தன் மகனுக்கு நல்ல துணையாவான் என்று கருதியே அவ்வாறு செய்தான் என்பர். இளவரசனைக் கெடுக்க வந்தவன் என்று பின்னர்த் தூற்றப்பட்டவனை இளவரசனுக்கு எடுத்துக்காட்டாகத் தந்தையே தேர்ந்தெடுத்தான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1305ஆம் ஆண்டுக் கோடையில் இளவரசன் தந்தையின் பொருளமைச்சரான வால்டர் லாங்டன் என்னும் ஆயரோடு பூசலிட்டான். சினந்த மன்னன் மகனை அரசவையினின்று விலக்கி, அவன் பரிவாரத்தையும் குறைத்தான். பிரிக்கப்பட்டவருள் கேவஸ்டனும் ஒருவன். அந்நாளில் இளவரசன் எழுதிய மடல்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று உடன்பிறந்தாள் எலிசபெத்துக்கு எழுதியது. கில்பர்ட் டி கிளேர், பெரோ கேவஸ்டன் ஆகிய இருவரும் தன்னிடம் திரும்பி வர, அரசியிடம் பரிந்துபேசுமாறு அதில் வேண்டுகிறான். அவ்விருவரும் உடனிருந்தால் தன் துயர் பெரிதும் தணியும் என்கிறான். ‘பெரோ’ என்பது பியர்ஸ் என்பதன் செல்லப்பெயர். இருபத்தொரு வயது இளைஞனின் தனிமை அம்மடலில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. கேட்பது ஒருவனையன்று, இருவரை என்பதும் கருதத்தக்கது.

1307 பிப்ரவரி 26ஆம் நாள் லானர்காஸ்ட் மடத்தில் முதலாம் எட்வர்டு பிறப்பித்த நாடு கடத்தல் ஆணையே இவ்வுறவைப் பற்றி எழுதுவோர் அனைவரும் முதலில் எடுத்தாளும் சான்று. தன் தோழனுக்குப் பொந்தியூ நிலப்பகுதியை வழங்குமாறு மகன் கேட்டதாகவும், மன்னன் வெகுண்டு அவன் தலைமயிரைப் பற்றிப் பிய்த்ததாகவும் கிஸ்பரோ மடத்து வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். கேட்போர் மறக்கமாட்டாத கதை! ஆனால் ஆணையின் வாசகம் வேறு குரலில் பேசுகிறது. வெளியேறுவதற்கு இரண்டு மாதத் தவணை. வெளிநாட்டில் தங்கியிருக்கும் வரை ஆண்டொன்றுக்கு 100 மார்க்கு உதவித்தொகை. ஒழுக்கக்கேட்டுக்காகத் துரத்தப்படுபவனுக்கு எந்த மன்னன் ஓய்வூதியம் தருவான்? தண்டனையின் குறி மகனே, தோழன் அல்லன் என்று இக்கால வரலாற்றாசிரியர் ஹாமில்டன் கொள்வது நமக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தந்தை மறைந்தான். கேவஸ்டன் உடனே அழைக்கப்பட்டான். ஆகஸ்டு 6ஆம் நாளிட்ட பட்டயம் அவனைக் கார்ன்வால் கோமானாக உயர்த்தியது. ஆண்டு வருவாய் ஏறத்தாழ 4,000 பவுன். நவம்பரில் மன்னனின் உடன்பிறந்தாள் மகள் மார்கரெட் டி கிளேரை மணந்தான். டிசம்பரில் வாலிங்ஃபர்டில் நிகழ்ந்த குதிரைவீரர் போர்விளையாட்டில் பெருங்கோமான்களை அவன் கட்சியினர் மண்ணில் வீழ்த்தினர். ஆறே திங்களில் இத்தனையும்!

ஆயினும் கார்ன்வால் பட்டயத்தில் கோமான்கள் எழுவர் சான்றிட்டுள்ளனர். மூத்தவராகிய லிங்கன் கோமானே இவ்வாறு வழங்க மன்னனுக்கு உரிமையுண்டு என்று அறிவுரை கூறினார். பின்னாளில் கேவஸ்டனின் தலைக்கு உலைவைத்த லங்காஸ்டர் கோமான் தாமஸ் 1308இன் இறுதிவரை மன்னனோடு இணக்கமாகவே இருந்தார் என்பதை மேடிகாட் 1970இல் வெளியிட்ட நூலில் தெளிவாக நிறுவியுள்ளார். ஆக, மன்னன் தன் தோழனை நேசித்தான் என்பதற்காகப் பிரபுக்கள் முதல்நாளிலிருந்தே கொதித்தெழவில்லை. அந்த நேசத்தை அவர்கள் ஏழாண்டுகளாக அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் பகை எங்கே பிறந்தது? மன்னனின் வாயிலில் பிறந்தது என்பதே நம் விடை. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கில நாட்டில் பதவி, நிலம், காப்பாண்மை, திருமண உரிமை, வழக்கில் தயவு ஆகிய அனைத்தும் மன்னனின் கையிலிருந்தே வந்தன. ஆதலின் மன்னனை அணுகும் வழி எவர் கையிலும் தனியுரிமையாகச் சிக்காதிருத்தல் வேண்டும் என்பது அச்சமூகத்தின் எழுதாச் சட்டம். கேவஸ்டன் அவ்வழியில் நின்றுகொண்டான். அவனைக் கடந்தே மன்னனை அடைய வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. அல்லது உருவாயிற்று என்று பிறர் நம்பினர். அரசியலில் இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியில்லை. 1308 பிப்ரவரி 25ஆம் நாள் முடிசூட்டு விழாவில் தூய எட்வர்டின் மணிமுடியைச் சுமந்து நடக்கும் பேறு குருதிவழிக் கோமான்களுக்கன்றி அவனுக்குக் கிடைத்தது. முத்துகள் பதித்த ஊதா ஆடையில் அவன் வந்த கோலம் மன்னனையே மங்கச்செய்தது என்று இலண்டன் வரலாற்றேடு கூறுகிறது. விருந்து மண்டபத்தில் மன்னனின் இலச்சினையும் கேவஸ்டனின் இலச்சினையும் பொறித்த திரைச்சீலைகள் தொங்கின. புதுமணப்பெண்ணாகிய அரசியின் இலச்சினை எங்கே என்று அவள் உறவினர் தேடிச் சினந்தனர்.

இதனோடு அவனுடைய நாவும் சேர்ந்துகொண்டது. வாரிக் கோமானை ஆர்டன் காட்டுக் கருநாய் என்றும், லிங்கன் கோமானைப் பருத்த வயிற்றைச் சுட்டியும் பட்டப்பெயரிட்டழைத்தானாம். இப்பட்டப்பெயர்கள் எல்லாம் அவன் வாயில் பிறந்தவையா, பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டவையா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஆனால் ஒன்றைக் கூறலாம். பிழைக்கவந்த இடத்தில் வாழ்வோராகிய நம்மனோர்க்கு இது நன்கு விளங்கும்: உள்ளூரான் சொன்னால் நகைச்சுவையாகக் கொள்ளப்படும் சொல், வெளியூரான் சொன்னால் ஆணவமாகிவிடுகிறது. கேவஸ்டனை மூன்றாம் முறை நாடு கடத்திய 1311ஆம் ஆண்டு ஆணைகள், இத்தாலிய வட்டிக்கடைப் பெருவணிகராகிய ஃபிரெஸ்கோபால்டியரையும் உடனடுத்தே தாக்கின என்பதை எண்ணும்போது, அயலான் என்னும் வெறுப்பு இப்பகையில் கலந்திருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

1308 ஏப்ரலில் பிரபுக்கள் ஒரு கொள்கை விளக்கத்தை வெளியிட்டனர். பற்றுறுதி மணிமுடிக்கே உரியது, அதனை அணிந்த ஆளுக்கன்று. ஆள் தவறினால் மணிமுடியின் பொருட்டு அவனைத் திருத்துதல் குடிகளின் கடன் என்பது அதன் சாரம். அரசியல் சிந்தனை வரலாற்றில் இது பேரிடம் பெற்றுவிட்டது. ஆனால் இதே கொள்கையை டிஸ்பென்சர்கள் கூறினார்கள் என்று 1321இல் அவர்கள்மீது குற்றஞ்சாட்டி, இஃது அரசத்துரோகம் என்று முழங்கியவர்களும் பிரபுக்களே. கொள்கை அவர்களுக்குக் கைத்தடியாக இருந்ததேயன்றிக் கண்ணாக இருக்கவில்லை.

கேவஸ்டன் அதிகாரத்துக்கு வெறிகொண்டவன் என்னும் குற்றச்சாட்டையும் சோதிப்போம். 1308 ஜனவரியில் மன்னன் திருமணத்துக்காகப் பிரான்சு சென்றபோது நாடு காக்கும் பொறுப்பு அவனிடம் விடப்பட்டது. இரண்டு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட அக்காலத்தில் அவன் செய்தவை எல்லாம் வழக்கமான அலுவல்களே. ஒரு நிலத்தையும் கவரவில்லை, ஒரு பகைவனையும் பழிவாங்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் இரண்டாம் முறை நாடு கடத்தப்பட்டபோது, மன்னன் அவனை அயர்லாந்துக்குத் தன் பதிலாளாக அனுப்பினான். தண்டனையைப் பதவியாக மாற்றிய மன்னனின் தந்திரம் இது என்பர். ஆகலாம், ஆனால் அங்கே கேவஸ்டன் என்ன செய்தான் என்பதைப் பலர் நோக்குவதில்லை. விக்லோ மலைநாட்டில் கலகத்தை அடக்கினான். இடிந்த கோட்டைகளைப் புதுப்பித்தான். கெவின் கோட்டையிலிருந்து கிளெண்டலோவரை காட்டினூடே வழி வெட்டுவித்தான். கூத்தும் பாட்டும் மட்டுமே அறிந்த மார்லோவின் கேவஸ்டனுக்கு இந்தக் காட்டுவழி எங்கிருந்து வந்தது? நாடகத்தில் அயர்லாந்து ஒரு பிரிவுக் காட்சிக்குக் காரணமாக நின்று மறைகிறது, அவ்வளவே.

இப்பொழுது எல்லாரும் கேட்கும் வினாவுக்கு வருவோம். அவ்விருவர்க்கும் இடையே இருந்தது எத்தகைய அன்பு? நம் முன்னோர் தலைமுறையில் இதனைப் பேச நாணி, ‘தகாத நட்பு’ என்னும் சொல்லால் மூடிவிடுவர். இக்காலத்தாருள் சிலர் ஐயத்துக்கே இடமின்றி இது காதலே என்று அறுதியிடுவர். டெரக் ஜார்மன் 1991இல் மார்லோவைத் திரைப்படமாக்கியபோது இக்கால ஒருபாற் காதலர்கள் படும் ஒடுக்குமுறையின் உருவமாகவே இவ்வுறவைக் காட்டினார். கலைஞருக்கு அவ்வுரிமை உண்டு. அப்படத்தின் சினத்தில் உண்மையும் உண்டு. வரலாற்றாசிரியரோ சான்றுக்குக் கட்டுப்பட்டவர்.

சான்றுகள் யாவை? அந்நாளில் வாழ்ந்த ‘எட்வர்டு வாழ்க்கை’ ஆசிரியர் தாவீது–யோனத்தான், அக்கிலீஸ்–பட்ரோகுளஸ் ஆகிய இணைகளைச் சுட்டி, அவர்தம் அன்பும் அளவிறந்ததன்று என்று கூறி, எட்வர்டின் அன்போ அளவு கடந்தது என்கிறார். அவர் கண்டித்தது அன்பின் வகையையன்று, அளவையே. மற்றொரு வரலாற்றேடு, கேவஸ்டனைக் கண்ட கணமே இளவரசன் அவனோடு உடன்பிறப்புறவு பூண்டான் என்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு பியர் ஷாப்ளே 1994இல் வெளியிட்ட நூலில், இது சடங்குவழி மேற்கொண்ட சகோதர உறவு, காமம் கலந்ததன்று என்று வாதிட்டார். ஹாமில்டன் 1988இலேயே இவர்கள் காதலர் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று எழுதியிருந்தார். 2010இல் விரிவான வரலாறு எழுதிய சேமர் பிலிப்ஸ், அறுதியிடத் தயங்கிச் சகோதர உறவின் பக்கம் சாய்கிறார்.

மன்னன்மீது இயற்கைக்கு மாறான ஒழுக்கம் என்னும் குற்றச்சாட்டு பகிரங்கமாக எழுந்தது எப்பொழுது? கேவஸ்டன் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1326இல், அரசி இசபெல்லாவின் படையெடுப்பை நியாயப்படுத்த ஹெர்ஃபர்டு ஆயர் ஆதாம் ஆர்லட்டன் ஆற்றிய உரைகளில்தான். பின்னர் 1334இல் அதற்காகக் கேள்விக்குள்ளானபோது, தாம் டிஸ்பென்சரையே குறித்ததாக அவ்வாயர் விளக்கம் தந்தார்! 1327இல் மன்னனைப் பதவியிறக்கக் கூறிய குற்றங்களுள்ளும் இஃது இடம்பெறவில்லை. பார்க்கிளி கோட்டையில் காய்ச்சிய இரும்பால் மன்னன் கொல்லப்பட்டான் என்னும் கொடுங்கதையும் பிற்பட்டதே. முற்பட்ட குறிப்புகள் நோயென்றும் மூச்சடைப்பென்றும் கூறுகின்றன. குற்றச்சாட்டுக்கேற்ற சாவை வதந்தி பின்னர்ப் புனைந்துகொண்டது என்றே கருத வேண்டியுள்ளது.

நம் கருத்து இது. அன்பு இருந்தது, ஆழமாக, வாழ்நாள் முழுதும் இருந்தது. அதன் உடல்சார்ந்த வகையை எழுநூறு ஆண்டு கடந்து வாழும் நாம் எந்த ஏட்டிலும் படிக்க முடியாது. காதலாயிருந்தால் அவர்களுக்கு இழிவுமன்று, இல்லையாயின் பெருமையுமன்று. இவ்வொரு வினாவைச் சுற்றியே பக்கம் பக்கமாக எழுதுவோர், அந்த அன்பு என்ன செய்தது என்னும் பெரிய வினாவைக் கைநழுவ விட்டுவிடுகின்றனர்.

கைவிடப்பட்ட அரசியின் கண்ணீர் என்னும் காட்சியையும் சிறிது தொட்டுச் செல்வோம். மார்லோவின் இசபெல்லா கேவஸ்டனால் கணவனை இழந்து வாடுபவள். உண்மை இசபெல்லா 1308இல் மணமுடித்து வந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி. 1312 தொடக்கத்தில் யார்க்கு நகரில் மன்னன், அரசி, கேவஸ்டன், அவன் மனைவி ஆகிய நால்வரும் இருந்தனர். கேவஸ்டனுக்கு ஒரு பெண் மகவு அங்கே பிறந்தது. அரசியும் அங்கேயே கருவுற்று அந்த நவம்பரில் பின்னாளைய மூன்றாம் எட்வர்டை ஈன்றாள். மன்னனுக்கு அவள் வயிற்றில் மக்கள் நால்வர். 1995இல் வெளிவந்து நம் நகரங்களிலும் பலர் கண்டுகளித்த ‘பிரேவ்ஹார்ட்’ திரைப்படம் இவளை ஸ்காட்லாந்து வீரன் வாலஸின் காதலியாக்கியது. வாலஸ் தூக்கிலேறிய 1305இல் இவள் பத்து வயதளவினள், பிரான்சில் இருந்தாள். அப்படம் இளவரசனின் தோழனைச் சாளரத்தின் வழியே வீசியெறியச் செய்து அரங்கைச் சிரிக்கவைத்ததே, அதனைப் பற்றி என்ன சொல்வது!

இனி அந்த அன்பு என்ன செய்தது என்பதற்கு வருவோம். 1310இல் பிரபுக்களும் ஆயர்களுமாக இருபத்தொருவர் ஆட்சியைச் சீர்செய்யும் குழுவாக அமைந்தனர். 1311இல் அவர்கள் தந்த ஆணைகள் நாற்பத்தொன்று. போர் தொடுத்தல், பதவி வழங்கல், நாட்டை விட்டுச் செல்லுதல் என மன்னனின் உரிமைகள் ஒவ்வொன்றையும் அவை கட்டிப்போட்டன. இருபதாம் ஆணை கேவஸ்டனை நாட்டினின்று என்றென்றைக்கும் விலக்கியது. அப்பொழுது எட்வர்டு கூறியதாக ‘வாழ்க்கை’ ஆசிரியர் குறிப்பது நம் உள்ளத்தை விட்டு அகலாதது: ஏனைய ஆணைகள் அனைத்தையும் ஏற்பதாகவும், தன் உடன்பிறந்தானாகிய பியர்ஸை மட்டும் விட்டுவிடுமாறும் மன்னன் இறைஞ்சினானாம்.

முப்பத்தொன்பது தலைமுறை மன்னர் கண்ட உரிமை என்றெல்லாம் மிகைப்படுத்த வேண்டா. தந்தை அரும்பாடுபட்டுக் காத்த அரசுரிமை முழுவதையும் ஒரு தோழனுக்கு விலையாக மேசைமேல் வைத்தான் என்று சொன்னால் போதும். மனிதனாக நோக்கின் இதைவிட உயர்ந்த அன்பு யாது? மன்னனாக நோக்கின் இதைவிடப் பெரிய பிழை யாது? மார்லோ கண்டது இதனையே. தோழனோடு மகிழ்ந்திருக்க ஒரு மூலை கிடைத்தால் நாட்டைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள் என்னும் போக்கில் அவருடைய எட்வர்டு பேசுவது ஹாலின்ஷெட்டின் ஏட்டில் வந்ததன்று. மன்னனின் நெஞ்சினுள் புகுந்து கண்டது. இவ்விடத்தில் நாடகாசிரியர் வரலாற்றாசிரியரை முந்திவிடுகிறார்.

ஆனால் அந்த அன்பின் கணக்கை யார் தீர்த்தார்? மன்னன் அளித்த ஒவ்வொரு பரிசும் கேவஸ்டனின் மேல் ஒரு பகைவனைக் கூட்டியது. கார்ன்வாலைக் கொடாதிருந்தால், மணிமுடியைச் சுமக்கச் செய்யாதிருந்தால், மூன்றாம் முறை அழைக்காதிருந்தால், அவன் தன் பிறந்தநாட்டில் முதுமை எய்தியிருக்கக் கூடும். கொடுப்பதன்றி வேறு வகையில் அன்பு காட்ட எட்வர்டு அறியான். கேவஸ்டனின் குற்றம், கொடுத்தவற்றையெல்லாம் வாங்கிக்கொண்டதும், வாங்கியதை மறைக்காமல் அணிந்துகொண்டதும்தான். பின்னர்க் கைப்பற்றப்பட்ட அவன் உடைமைப் பட்டியலில் பேரிக்காய் உண்பதற்கான வெள்ளி முள்கரண்டிகள் மூன்று காணப்படுகின்றன. கையால் உண்ட அக்காலத்து ஆங்கிலப் பெருமக்களின் கண்ணை அவை எவ்வளவு உறுத்தியிருக்கும்!

1312 ஜனவரியில் மன்னன் நாடு கடத்தலைச் செல்லாதென்று அறிவித்தான். மே மாதத் தொடக்கத்தில் லங்காஸ்டர் படையோடு வர, மன்னனும் தோழனும் நியூகாசிலில் செல்வங்களை விட்டுவிட்டுத் தப்பினர். ஸ்கார்பரோ கோட்டையில் முற்றுகையிடப்பட்ட கேவஸ்டன், மே 19இல் உயிருக்கு ஊறு நேராதென்னும் உறுதிமொழியின்மேல் பெம்புரோக் கோமானிடம் சரணடைந்தான். தெற்கு நோக்கி அழைத்துச் செல்லும் வழியில் டெடிங்டனில் அவனை விட்டுவிட்டு, பெம்புரோக் அருகிலிருந்த தம் மனைவியைக் காணச் சென்றார். ஜூன் 10ஆம் நாள் விடியலில் வாரிக் கோமான் வந்து சூழ்ந்துகொண்டார். கருநாய் என்று ஏசப்பட்டவர் தம் கோட்டைக்கு அவனை இழுத்துச் சென்றார். தம் வாக்கு பொய்யானதால் துடித்த பெம்புரோக், கேவஸ்டனின் மைத்துனனாகிய குளோஸ்டர் கோமானிடமும் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தாரிடமும்கூட முறையிட்டுப் பார்த்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. ஜூன் 19ஆம் நாள் பிளாக்லோ குன்றில், லங்காஸ்டரின் நிலத்தில், வேல்சு நாட்டார் இருவர் கையால் அவன் உயிர் போயிற்று. மணிமுடியின் மாண்பைக் காக்க வந்தவர்கள் தந்த வாக்கை மீறி, அரசின் முறையான மன்றம் எதிலும் நிறுத்தாது ஒருவனைக் கொன்றனர். 1076இல் வால்தியோஃப் கொல்லப்பட்ட பின் ஆங்கிலக் கோமான் எவரும் இவ்வாறு கொலைத்தண்டனைக்கு ஆளானதில்லை.

அடைத்த அக்கதவைத் திறந்தவர்கள் பின்னர் அதன் வழியே தாமே இழுத்துச் செல்லப்பட்டனர். 1322 மார்ச்சு 22ஆம் நாள் பான்டிஃபிராக்டில் லங்காஸ்டர் கோமான் தாமஸின் தலை வீழ்ந்தது. பியர்ஸுக்கு நேர்ந்ததற்கு ஈடு என்று அந்நாளிலேயே பேசிக்கொண்டனர். அதன்பின் வந்த நாலாண்டுகளில் அரசோச்சிய இளைய டிஸ்பென்சர்தான் விதவைகளின் நிலங்களைப் பறித்தவர். அச்சுறுத்திப் பொருள் குவித்தவர். தென்வேல்சில் தமக்கெனப் பேரரசு கட்ட முனைந்தவர். கேவஸ்டன் பெற்றவை எல்லாம் மன்னன் தந்தவை. டிஸ்பென்சர் பெற்றவற்றுள் பெரும்பகுதி பிறரிடமிருந்து பிடுங்கியவை. இருவரையும் ஒரே ஓவியத்தின் இரு படிகளாக்கிய மார்லோவின் நாடகம், பின்னவரின் பாவத்தை முன்னவன்மேல் ஏற்றிவிட்டது. கல்லூரி வகுப்புகளில் ‘மன்னனின் கெட்ட தோழர்கள்’ என்று ஒரே மூச்சில் இருவரையும் எழுதி மதிப்பெண் பெற்றவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

கொல்லப்பட்டவனின் உடலைத் தொமினிக்கத் துறவியர் ஆக்ஸ்ஃபர்டுக்கு எடுத்துச் சென்று காத்தனர். திருச்சபை விலக்கு நீங்காமையால் உடனே அடக்கம் செய்ய இயலவில்லை. மன்னன் அதனை நறுமணப் பொருள்களால் பதப்படுத்தச் செய்து இரண்டரை ஆண்டுகள் வைத்திருந்தான். 1315 ஜனவரி 2ஆம் நாள், தான் நிறுவிய கிங்ஸ் லாங்லி மடத்தில் பெருஞ்சிறப்போடு அடக்கம் செய்வித்தான். பிரபுக்களுள் பலர் வரவில்லை. தன் ஆட்சி உள்ளவரை அவ்வுயிருக்காக வழிபாடுகள் நடத்தப் பொருள் தந்துகொண்டேயிருந்தான். மடம் அழிந்தது, கல்லறையும் இன்றில்லை.

பிளாக்லோ குன்றில் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பெருநிலக்கிழார் ஒருவர் எழுப்பிய கற்சிலுவை நிற்கிறது. வெறுக்கத்தக்க மன்னன் ஒருவனின் ஏவலாளாக அது கேவஸ்டனைக் குறிக்கிறது. அவனைக் கொன்ற பிரபுக்களும் அவனைப் போலவே சட்டத்தை மதியாதவர் என்று உடன் சேர்த்துச் சொல்கிறது. அவன் இறந்த நாள் என்று அதில் பொறித்திருப்பது ஜூலை முதல் நாள்.